தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டும் பாட்டு

ஒரு பெண் தான் வளர்ந்த வீட்டைத் தேடி வருகிறாள். வீடு கைமாறி வெகுநாளாகிவிட்டது. கதவைத் தட்டுகிறாள். திறந்த அம்மாளுக்கு இவள் யாரென்றே தெரியாது. வாசற்படியில் பதிந்திருக்கும் கைத்தடங்களைக் காட்டி, அவை தன்னுடையவை என்கிறாள். மாடியில் பின்பக்கத்துச் சின்ன அறையில்தான் வீட்டுப்பாடம் எழுதினாளாம், கிட்டார் பழகினாளாம். தோட்டத்து ஓக் மரத்தடியில் அவளுடைய செல்ல நாயைப் புதைத்திருக்கிறார்கள். இப்போது குடியிருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஒரே ஒரு தடவை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், ஞாபகத்தைத் தவிர வேறெதையும் எடுத்துப் போக மாட்டேன் என்று கேட்கிறாள்.

அவ்வளவுதான் பாட்டு. உள்ளே விட்டார்களா, இல்லையா என்று கடைசிவரை சொல்வதில்லை.

'தி ஹவுஸ் தட் பில்ட் மீ' என்ற இந்தக் கன்ட்ரி பாட்டு 2010இல் அமெரிக்க வானொலிகளில் ஒலித்தது. 'என்னைக் கட்டிய வீடு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். டாம் டக்ளஸும் ஆலன் ஷாம்ப்ளினும் எழுதினார்கள், மிராண்டா லாம்பர்ட் பாடினார். முதலில் பிளேக் ஷெல்டன் என்ற பாடகரிடம் வந்த பாட்டு இது. கூட இருந்து மாதிரிப் பதிவைக் கேட்ட லாம்பர்ட் அழுதுவிட, பாட்டு அவர் கைக்குப் போனது. டெக்ஸஸ் மாநிலத்தில் லிண்டேல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர் அவர்.

நான் இதை முதலில் கேட்டது ஒரு ராத்திரி பஸ்ஸில். ஓக் மரத்தை நான் பார்த்ததில்லை, லிண்டேல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது தெரியாது. ஆனால் வாசற்படிக் கைத்தடம் வந்ததும் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது. அங்கே சிமென்ட் பூசிய அன்று ஈரம் காயுமுன் அக்கா ஓடிவந்து மிதித்துவிட்டாள். கொத்தனார் திட்டினார். பாட்டி, "இருக்கட்டும் விடுப்பா, பிள்ளை கால்தானே" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டை விற்றுப் பல வருஷமாகிறது. ஒரு தடவை அந்தத் தெருவழியாகப் போனேன். கேட்டுக்கு வேறு பெயின்ட் அடித்திருந்தார்கள். தட்டவில்லை, வந்துவிட்டேன்.

எங்கோ டெக்ஸஸில் இருக்கும் ஒரு வாசற்படி எங்கள் கிணற்றடியை எப்படி எழுப்பியது? கன்ட்ரி பாட்டு பழக்கமில்லாதவர்களுக்கு அதைச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கன்ட்ரி மியூசிக் என்றால் நாட்டுப்புறப் பாட்டு இல்லை. நாட்டுப்புறப் பாட்டை யார் கட்டினார்கள் என்று பெரும்பாலும் தெரியாது, அது வாய்வழியாக வருவது. கன்ட்ரி பாட்டை எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இசைத்தட்டில் பதிந்து, வானொலியில் ஒலித்து, கடையில் விற்றுத்தான் அது வளர்ந்தது. வேர் மட்டும் நாட்டுப்புறத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஃபிடில் என்று அவர்கள் சொல்லும் வயலினோடு பழைய கதைப்பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். பான்ஜோ, அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்த வாத்தியம். கிட்டார் தந்தியில் இரும்புத் துண்டை இழுத்து அழுகைபோல ஒலி எழுப்பும் முறை ஹவாய்த் தீவிலிருந்து வந்தது.

1923 ஜூனில் அட்லாண்டாவில் ஃபிடிலின் ஜான் கார்சன் என்பவரின் பாட்டை ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனி பதிவு செய்தது. பதிவு செய்யப் போன ரால்ஃப் பியருக்கு அந்தக் குரல் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டு விற்றுத் தீர்ந்தது. கன்ட்ரி இசை வியாபாரமானது அதற்குப் பிறகுதான். அந்தத் தட்டில் இருந்தது சந்து ஓரத்தில் இடிந்து விழப்போகும் ஒரு பழைய மரக் குடிசையைப் பற்றிய பாட்டு. கூட இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஒரு கிழவர் மட்டும் மிச்சம். அதாவது இந்த இசை சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்தது. (அந்தக் குடிசையில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.)

காலத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல் முறையாக நகரவாசிகள் பாதியைத் தாண்டினார்கள், 51 சதவீதத்துக்குச் சற்று மேல். 2,500 பேர் இருந்தாலே நகரம் என்று அப்போது கணக்கு. நகரத்தில் இருப்பவர்கள் கிராமத்தில் இருப்பவர்களைவிட அதிகமாகிவிட்ட நேரத்தில், ஊரைப் பற்றிய பாட்டுக்கு ஆள் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ஊரில் இருக்கும்போது யாரும் ஊரைப் பற்றி ஏங்குவதில்லையே.

அப்புறம் வேகமாக நடந்தது. 1925இல் நாஷ்வில் நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திய டபிள்யூஎஸ்எம் வானொலி, சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. 1927 கோடையில் அதே ரால்ஃப் பியர், விக்டர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக பிரிஸ்டல் நகருக்குப் போனார். டென்னசி, வர்ஜீனியா இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை அந்த ஊரின் நடுத்தெருதான். பிறகு பெரிய நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பத்தையும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸையும் அங்கே ஒரே வாரத்தில் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் பிறந்த வீடு என்று பிரிஸ்டலைச் சொல்வது இதனால்தான்.

அந்தப் பாட்டுகளில் வரும் 'ஸ்மால் டவுன்' எப்படி இருக்கும்? 'சிறுநகரம்' என்று மொழிபெயர்த்தால் உயிர் போய்விடுகிறது. சின்ன ஊர் என்றே சொல்கிறேன். ஒரு மெயின் ரோடு, ஒரே ஒரு சிக்னல். நடுவில் கோர்ட் கட்டடம், அதைச் சுற்றிக் கடைகள். இரண்டு மூன்று சர்ச்சுகள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே கூடும் பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானம். ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதிய தண்ணீர்த் தொட்டி, தூரத்திலிருந்து வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். வீட்டு முன்னால் திண்ணை மாதிரி ஒரு போர்ச், அதில் ஊஞ்சல். கப்பி ரோடு, பிக்கப் லாரி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அது ஆறுதலாகவும் இருக்கும், மூச்சு முட்டவும் செய்யும்.

ஊரை விட்டு ஏன் போனார்கள்? பிழைப்புதான். அப்பலேச்சிய மலைப்பகுதியிலிருந்தும் தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வடக்கே டெட்ராய்ட், சின்சினாட்டி, ஏக்ரன் போன்ற ஆலை நகரங்களுக்குப் போனார்கள். கென்டக்கி மலையிலிருந்து வடக்கே போகும் 23ஆம் நம்பர் சாலையை வைத்து டுவைட் யோக்கம் ஒரு பாட்டே எழுதினார். அவரே கென்டக்கியின் பைக்வில் ஊரில் பிறந்து, ஒஹையோவின் கொலம்பஸ் நகரத்தில் வளர்ந்தவர்தான்.

இந்தப் புலம்பெயர்வை ஒரே பாட்டில் கேட்க வேண்டுமென்றால் 1963இல் பாபி பேர் பாடிய 'டெட்ராய்ட் சிட்டி'யைக் கேளுங்கள். மெல் டில்லிஸும் டேனி டில்லும் எழுதியது. பருத்திக் காட்டையும் வீட்டையும் கனவில் பார்த்தவன் பேசுகிறான். பகலில் கார் ஆலையில் வேலை, ராத்திரி மதுக்கடை. ஊரில் அவன் பெரிய ஆளாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் கடிதத்தில் அப்படித்தான் எழுதுகிறான். பாட்டின் வலி முழுக்க அந்தக் கடிதத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் போகவேண்டும் என்று பல்லவியில் திரும்பத் திரும்பச் சொல்கிறானே தவிர, கௌரவம் தடுக்கிறது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவர்களுக்கு இந்தப் பாட்டை விளக்கத் தேவையில்லை.

இனி இந்தப் பாட்டுகள் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். எனக்குப் பிடித்த உதாரணம் ஆலன் ஜாக்சனின் 'டிரைவ்'. ஜார்ஜியாவின் நியூனன் என்ற ஊர்க்காரர். 2000இல் இறந்த தன் அப்பாவுக்காக எழுதி 2002இல் வெளியிட்டார். அப்பா இறந்த துக்கத்தில் எழுதிய பாட்டு எதில் தொடங்குகிறது தெரியுமா? ஒரு படகின் பெயின்ட்டில். சிவப்பு நிறம், வெள்ளைக் கோடு, 18 அடி நீளம். அட்லாண்டாவில் ஒரு வியாபாரியிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, மகனும் கூடப் போயிருந்தான். இருவரும் சேர்ந்து மெருகேற்றி, மோட்டார் மாட்டினார்கள். பின்பலகை உளுத்துப்போகும்வரை பல வருஷம் ஓட்டினார்கள். வெறும் பிளைவுட் படகு. ஆனால் அப்பா ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தபோது பையனுக்கு அது கடல்.

இரண்டாவது சரணத்தில் ஒரு பழைய ஃபோர்டு லாரி. மாமா 64இல் புதிதாக வாங்கியது, எஞ்சின் புகைவிடுகிறதென்று அப்பா கைக்கு வந்தது. வால்வுதான் கருகியிருந்தது; அப்பா சரிசெய்துவிட்டார். குப்பை கொட்டப் போகும் மண்பாதையில் மட்டும் பையன் ஓட்டலாம். அந்தப் பாதை எந்த ரோட்டிலிருந்து பிரிகிறது என்று பெயரோடு சொல்கிறார். திக்பென் ரோடு. உலகம் முழுக்க ஒலிக்கப்போகிற பாட்டில் குப்பை கொட்டும் இடத்துக்கு அடையாளம் சொல்ல வேண்டிய அவசியமென்ன? அவசியம் இருக்கிறது. அந்தப் பெயர் இருப்பதால்தான் பாட்டை நம்புகிறோம். நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன ஞாபகத்தில் அப்பாவின் முகம்கூட மங்கிவிடும், ரோட்டுப் பெயர் மங்காது.

மூன்றாவது சரணத்தில் அவரே அப்பா. மூன்று மகள்கள், பழைய ஜீப், சொந்த மேய்ச்சல் நிலம். ஸ்டியரிங்கை இப்போது மகள்களிடம் கொடுக்கிறார். இவ்வளவு நேரத்தில் அப்பா எப்பேர்ப்பட்ட மனிதர், அவர் இல்லாமல் எவ்வளவு கஷ்டம் என்றெல்லாம் நீட்டி முழக்கவில்லை. படகு, லாரி, ஜீப். மூன்று பொருள், மூன்று தலைமுறை.

சரணம் மாற மாறக் காலம் நகரும், பல்லவி மட்டும் அதே சொற்களோடு திரும்பி வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு அர்த்தத்தோடு. கன்ட்ரி பாட்டெழுதுகிறவர்களின் முக்கியமான கைவேலை இது. இதில் உச்சம் என்று நான் நினைப்பது கர்லி புட்மன் எழுதி, 1965இல் போர்ட்டர் வாகனர் பாடிப் பிரபலமாக்கிய 'கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்'. ஒருவன் ரயிலில் ஊருக்கு வந்து இறங்குகிறான். அப்பா அம்மா காத்திருக்கிறார்கள், காதலி ஓடி வருகிறாள். வீட்டுப் பெயின்ட் வெடித்துக் காய்ந்திருந்தாலும் வீடு அப்படியே நிற்கிறது. விளையாடிய ஓக் மரமும் இருக்கிறது. வீட்டுப் பச்சைப் புல்லைத் தொட்டால் எவ்வளவு சுகம் என்று பல்லவி. கேட்டுக்கொண்டே வருகிறோம். மூன்றாவது சரணத்தில் கண் விழிக்கிறான். சுற்றிலும் நான்கு சாம்பல் நிறச் சுவர்கள், ஒரு காவலாளி, ஒரு பாதிரியார். விடிந்தால் மரண தண்டனை. ஊருக்குப் போகத்தான் போகிறான், அந்த ஓக் மரத்தடியில் புதைப்பதற்கு. கடைசியில் பல்லவி திரும்பும்போது அதே பச்சைப் புல் அவன்மேல் முளைத்திருக்கிறது. ஒரு சொல்கூட இடம் மாறாத மாதிரிதான் தோன்றும். நமக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.

வாத்தியத்தையும் சொல்லவேண்டும். பின்னணியில் ஒரு ஒலி, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போய், கேவுவது மாதிரி நிற்கும். பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜைபோலக் கிடைவாக்கில் வைத்து, இடது கையில் இரும்பு உருளையைத் தந்திமேல் இழுத்து, காலால் பெடலை மிதித்துச் சுரத்தை வளைப்பார்கள். ஒரு தந்தி நின்ற இடத்தில் நிற்க, இன்னொரு தந்தி மட்டும் மெல்ல ஏறும். 1954இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் அப்படி வாசித்தது பிரபலமான பிறகு, கன்ட்ரி பாட்டுகள் பதிவாகும் நாஷ்வில் முழுக்கப் பரவியது. ஒரு கால் இங்கேயும் ஒரு கால் ஊரிலுமாக இருப்பவனின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, கன்ட்ரி பாட்டென்றால் ஊர்ப்புகழ் பாடுவது என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல பாட்டுகள் ஊரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. டாலி பார்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் டென்னசி மலைப்பகுதியில் பிறந்தவர். 12 பிள்ளைகளில் நான்காவது. 1971இல் வந்த அவருடைய 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்', அம்மா கந்தல் துணிகளை ஒட்டித் தைத்துக் கொடுத்த கோட்டைப் பற்றியது. தைக்கும்போது அம்மா பைபிளில் வரும் யோசேப்பின் பலவண்ண அங்கிக் கதையைச் சொல்கிறாள். மகள் பெருமையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்தது அவளுக்குப் புரியவே இல்லை; ஒவ்வொரு தையலிலும் அன்பு இருக்கிறதே என்று விளக்கப் பார்க்கிறாள். இந்தப் பாட்டை ஒரு பஸ் பயணத்தில், கையில் கிடைத்த சலவைக்கடை ரசீதில் எழுதினாராம்.

அதே பார்ட்டன் அதற்கு மூன்று வருஷம் முன்னால் இன்னொரு பாட்டு பாடியிருக்கிறார்: 'இன் த குட் ஓல்ட் டேஸ்', அடைப்புக்குறிக்குள் 'காலம் கெட்டுக் கிடந்தபோது' என்றும் தலைப்பிலேயே சேர்த்திருக்கிறார். அப்பாவின் கை வெடித்து ரத்தம் வருகிறது. ஆலங்கட்டி மழையில் பயிர் போகிறது. அம்மா நோயில் கிடக்கிறாள், டாக்டருக்குக் காசில்லை. சுவர் விரிசல் வழியாகப் பனி வந்து, காலையில் தரையில் ஐஸ். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த ஞாபகங்களை விற்க மாட்டேன் என்கிறார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில். சின்ன ஊர்ப் பாட்டு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு பாட்டைத்தான் காட்டுவேன். ஏக்கம், திரும்பிப் போக மறுப்பு, இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது உண்மையான ஞாபகம். ஏக்கம் மட்டும் இருந்தால் காலண்டர் படம்.

ஊரின் கொடுமையை நேரடியாகச் சொல்லும் பாட்டுகளும் உண்டு. 1968இல் டாம் டி. ஹால் எழுதி ஜீனி சி. ரைலி பாடிய 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.'வில், குட்டைப் பாவாடை போடுகிற ஒரு விதவைத் தாயைக் கண்டித்துப் பள்ளிப் பெற்றோர் சங்கம் கடிதம் அனுப்புகிறது. அவள் நேராகக் கூட்டத்துக்கே போய், ஒவ்வொருத்தர் யோக்கியதையையும் பெயர் சொல்லி எடுத்து வைக்கிறாள். கேட்கச் சுகமான பாட்டு.

அதற்கு முந்தைய வருஷம் பாபி ஜென்ட்ரி பாடிய 'ஓட் டு பில்லி ஜோ' வேறு மாதிரி. இதை கன்ட்ரி என்று மட்டும் சொல்லிவிட முடியாது, ஆனாலும் விட மனமில்லை. மிசிசிப்பியில் ஒரு விவசாயக் குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் பாலத்திலிருந்து குதித்துவிட்டான் என்று அம்மா செய்தி சொல்கிறாள். அப்பா பிஸ்கட்டை இப்படித் தள்ளு என்கிறார். இன்னும் ஐந்து ஏக்கர் உழ வேண்டியிருக்கிறது. அண்ணன் இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்கிறான். கதை சொல்லும் பெண் மட்டும் சாப்பிடவில்லை. பசி இல்லையா என்று அம்மா கேட்கிறாள். அவளுக்கும் அந்தப் பையனுக்கும் என்ன உறவு என்று பாட்டு சொல்வதே இல்லை. எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மனசு யாருக்கும் தெரியவில்லை.

இந்த வரிசையில் நம் காலத்துப் பாட்டு கேசி மஸ்கிரேவ்ஸின் 'மெரி கோ ரவுண்ட்', 2012. டெக்ஸஸின் கோல்டன் ஊர்க்காரர். 21 வயதுக்குள் இரண்டு பிள்ளை இல்லையென்றால் தனியாகச் சாகப் போகிறாய் என்று பேசும் ஊர். பாட்டு முழுக்க ஒரு சொல் விளையாட்டு. அம்மாவுக்கு மேரி கே, அதாவது வீடு வீடாக விற்கும் அழகுசாதனப் பொருள். தம்பிக்கு மேரி ஜேன், கஞ்சாவுக்கு ஒரு செல்லப்பெயர். அப்பாவுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் மேரி. கல்யாணம் செய்வதற்கான ஆங்கிலச் சொல்லான 'மேரி'யும், குடை ராட்டினத்துக்கான 'மெரி கோ ரவுண்ட்'டும் அதே ஒலியில் சுற்றிவருகின்றன. சுற்றிக்கொண்டே இருக்கிறோம், எங்கும் போகவில்லை. கோபமாகப் பாடவில்லை, தாலாட்டு மாதிரி பாடுகிறார். அதனால்தான் இன்னும் உறைக்கிறது.

சரி, அந்தக் குடிசைச் சிக்கலுக்கு வருவோம். 1923இல் கார்சன் பாடிய பாட்டு 1871இல் வில் ஹேஸ் என்ற வெள்ளைக்காரர் எழுதியது. பாட்டில் ஏங்கும் கிழவர் ஒரு கறுப்பர், முன்னாள் அடிமை. கறுப்பர்களைப் போல வேஷமிட்டு ஆடிப்பாடும் மேடைகளுக்கான பாட்டு அது. அடிமையாக இருந்தவர் அடிமை நாட்களை நினைத்து ஏங்குவதாக இன்னொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கன்ட்ரி பாட்டின் ஊர் ஞாபகத்தைப் பற்றிப் பேசினால், அது யாருடைய ஞாபகம் என்பதையும் பேசியாக வேண்டும். பான்ஜோவை ஏற்கெனவே சொன்னேன். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டு சேகரிக்கப் போனபோது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர் கூடப் போனார். சொற்களை கார்ட்டர் எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனசில் பிடித்துக்கொள்வார். கிராண்ட் ஓல் ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லியும் கறுப்பர்தான். மௌத் ஆர்கனில் ரயிலை ஓட்டிக்காட்டுவார். 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல், இறந்து 20 வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு.

இன்னொரு கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடு மிசிசிப்பியின் ஸ்லெட்ஜ் ஊரில், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர், 11 பிள்ளைகளில் ஒருவர். அவருடைய முதல் தட்டுகளை வானொலிக்கு அனுப்பும்போது புகைப்படம் இல்லாமல் அனுப்பினார்கள். 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது அவருக்குத்தான். 1974இல் மிசிசிப்பி டெல்டாவின் ஒரு பருத்தி ஊரைப் பற்றிப் பாடினார். தூசி பறக்கும் ஒரே தெரு, பார்க்க ஒன்றுமில்லை, பட்டினி கிடக்கும் ஒரு நாய். அந்தப் பருத்தியைக் கையால் எடுத்தவர் குரலில் கேட்கும்போது, அந்த நாயின் விலா எலும்பே தெரிகிறது.

பொருள்களைச் சொன்னால் போதும் என்று நினைத்து எழுதிய பாட்டுகளும் ஏராளம். பிக்கப் லாரி, கப்பி ரோடு, பீர், ஜீன்ஸ் போட்ட பெண் என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஃபுளோரிடா ஜார்ஜியா லைன் என்ற இரட்டையர்களின் வெற்றியை ஒட்டி, 2013இல் விமர்சகர் ஜோடி ரோசன் இந்த வகைக்கு 'ப்ரோ கன்ட்ரி' என்று பெயர் வைத்தார். கேட்க உற்சாகமாக இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த லாரி யாருடைய லாரியும் இல்லை. ஜாக்சனின் லாரியில் வால்வு கருகியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாமும்.

மறுபடியும் முதல் கேள்வி. வேறொருவர் ஊர் ஏன் நம் ஊரை எழுப்புகிறது? 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வெளியூரில் இருக்கும் சுவிஸ்காரர்களைப் பிடிக்கும் ஊர் ஏக்கத்தை ஒரு வியாதியாகவே விவரித்து, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி, இரண்டும் சேர்ந்த சொல். மாடு மேய்க்கிறவர்களின் மெட்டு ஒன்றைக் கேட்டால் கூலிப்படையிலிருந்த சுவிஸ் சிப்பாய்கள் அழுது, படையை விட்டு ஓடிவிடுவார்கள், அதனால் அதை வாசிக்கவே தடை இருந்தது என்று தத்துவவாதி ரூஸோ தன் இசை அகராதியில் எழுதினார். அந்த மெட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்டால் ஒன்றும் தெரியாதாம். அது இசையாக வேலை செய்வதில்லை, ஞாபகத்தின் அடையாளமாக வேலை செய்கிறது என்பது ரூஸோவின் விளக்கம். 250 வருஷத்துக்கு முந்தைய விளக்கம், இன்றும் பொருந்துகிறது.

ஞாபக ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்களைப் பழையதை நினைத்துப் பார்க்கச் சொன்னால், சுமாராக 10 வயதிலிருந்து 30 வரை நடந்தவைதான் அதிகம் வருகின்றன. முதல் சைக்கிள், முதல் காதல், முதல் வேலை எல்லாம் அந்த வயதில்தானே. சின்ன ஊர்ப் பாட்டுகளும் அந்த வயதிலேயே சுற்றுகின்றன.

ஊரே தெரியாமல் எழுதிய பாட்டும் இதைச் செய்யும் என்பதற்கு 1971இன் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' சாட்சி. நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் கிட்டார் வைத்திருக்கும் யாரும் முதலில் வாசிக்கிற பாட்டு அது. பாடிய ஜான் டென்வரும், கூட எழுதிய பில் டானஃப், டாஃபி நிவர்ட் இருவரும் மேற்கு வர்ஜீனியாக்காரர்கள் இல்லை. மேரிலாந்தில் ஒரு சின்ன ரோட்டில் கார் ஓட்டிப் போகும்போது தொடங்கிய பாட்டு. அதில் வரும் மலைத்தொடரும் ஆறும் பெரும்பாலும் பக்கத்து மாநிலத்தில் இருப்பவை. மேற்கு வர்ஜீனியா அதைப் பொருட்படுத்தவில்லை. 2014இல் அதையும் மாநிலப் பாடல்களில் ஒன்றாக்கிக்கொண்டது.

கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் லாம்பர்ட்டின் வீடு, அடுத்து ஜாக்சனின் படகு. பிறகு பார்ட்டனின் இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உச்சரிப்பு பிடிபடாவிட்டால் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், இந்த இசையில் வரிதான் முக்கியம். மூன்றாவது சரணம்வரை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக லொரெட்டா லின். 1970இல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்', சுரங்கக்காரர் மகள். கென்டக்கியின் பட்சர் ஹாலோவில் எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியாக வளர்ந்த கதையை அவரே எழுதியது. துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரலில் ரத்தம். கோடையில் எல்லாரும் வெறுங்கால். குளிர்காலத்தில் பன்றியை விற்ற காசில் அப்பா தபாலில் செருப்பு வரவழைப்பார். எழுதிய சரணங்கள் இன்னும் நிறைய இருந்தனவாம், நீளம் கருதி வெட்டிவிட்டார்கள். முடிவில் பல வருஷம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். தரையைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, வாழ்வது ஞாபகங்கள் மட்டும்தான் என்று பாட்டு முடிகிறது. மலைச்சரிவில் அந்த மர வீடு இப்போதும் நிற்கிறது. பாட்டைக் கேட்டவர்கள் வளைந்து வளைந்து போகும் ரோட்டில் அங்கே போய், போர்ச்சில் ஏறி, உள்ளே பார்த்துவிட்டு வருகிறார்கள்.